லுகைமாத்: வீட்டில் செய்வோம், பகிர்ந்து உண்போம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நம் மடலின் பாடப் பகுதியில் வழக்கமாக ஜகாத் கணக்கு, கல்வி உதவித்தொகை, உடல்நலம் போன்றவற்றைப் பற்றி எழுதி வருகிறோம். இம்முறை அடுப்படிக்குள் நுழைகிறோம். டிரஸ்ட் மடலில் பலகாரத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

சென்ற ரமலானில் 27ஆம் இரவு பயானுக்கு வந்தவர்களுக்காகக் கடையில் இனிப்புப் பெட்டிகள் வாங்கிக் கொடுத்தோம். மறுநாள் காலை, நம் தெருவைக் கூட்ட வரும் அம்மா ஒரு சாக்கைத் திறந்து காட்டினார். உள்ளே அந்தப் பெட்டிகள்தான். "பாய், பாதிப் பேரு ஒண்ணைக் கடிச்சிட்டு மிச்சத்தை அப்படியே போட்டிருக்காங்க. முதல்லயே எங்க கையில குடுத்திருந்தா புள்ளைங்க சாப்பிட்டிருக்கும்ல?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எங்களிடம் பதில் இல்லை.

அடுத்து வந்த நிர்வாகக் குழு மஷூராவில் இதை முன்வைத்தோம். இனிக் கடைப் பெட்டி வேண்டாம். நம் வீடுகளிலேயே குறைந்த செலவில் ஓர் இனிப்பைச் செய்து, தேவைப்படும் வீடுகளுக்கு அளவாகக் கொடுப்போம் என்று முடிவானது. எந்த இனிப்பு என்ற கேள்விக்குப் பெண்கள் பயிற்சி வகுப்பில் விடை கிடைத்தது. குவைத்தில் ஒரு வீட்டில் பல வருடங்கள் சமையல் வேலை பார்த்துத் திரும்பிய சகோதரி ஒருவர், "லுகைமாத் போடலாம். மைதாவும் ஈஸ்டும் எண்ணெயும் இருந்தால் போதும்" என்றார். கீழே வரும் செய்முறை அவர் வகுப்பில் செய்து காட்டியது. அளவுகளை நாங்கள் எழுதிக்கொண்டோம்.

பெயரும் வரலாறும்

அரபியில் 'லுக்மா' என்றால் ஒரு கவளம், ஒரு வாய் உணவு. 'லுகைமாத்' என்றால் சின்னஞ்சிறு கவளங்கள். புளித்த மாவைச் சிறு உருண்டைகளாக எண்ணெயில் பொரித்து, மேலே தேனோ பேரீச்சம்பழப் பாகோ ஊற்றி, எள் தூவிக் கொடுப்பார்கள். துபாய், குவைத், கத்தார், பஹ்ரைன் என்று வளைகுடா நாடுகள் எங்கும் ரமலான் மாலைகளில் இது இல்லாத வீடு குறைவு. அங்கே வேலை பார்த்த நம் ஊர்க்காரர்கள் பலர் இதைச் சுவைத்திருப்பார்கள்.

இது நேற்று வந்த பலகாரம் அல்ல. பக்தாதைச் சேர்ந்த முஹம்மத் பின் அல்ஹஸன் என்பவர் 1226இல் தொகுத்த சமையல் நூலில் 'காழியின் கவளங்கள்' என்ற பெயரில் இதன் செய்முறை இருக்கிறது. மாவைப் புளிக்க வைத்து, எள் எண்ணெயில் பொரித்து, பாகில் தோய்க்கச் சொல்கிறது அந்த நூல். 14ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த பயணி இப்னு பதூதா, வட இந்தியாவில் தமக்குப் பரிமாறப்பட்ட விருந்தை வருணிக்கும்போது இதே பெயரைக் குறிப்பிடுகிறார். பின்னாளில் மதுரைக்கும் வந்து தங்கிச் சென்றவர் அவர்.

சிரியாவிலும் லெபனானிலும் இதன் பெயர் 'அவ்வாமா', அதாவது மிதப்பது. துருக்கியில் 'லோக்மா'. அந்நாட்டின் இஸ்மிர் நகரத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருவர் இறந்துவிட்டாலோ, நல்ல காரியம் ஒன்று கைகூடினாலோ, தெருவில் பெரிய சட்டி வைத்து லோக்மா பொரித்து, அந்த வழியே போகும் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பார்கள். பணக்காரர், ஏழை என்று பார்ப்பதில்லை. வரிசையில் நின்றவருக்கெல்லாம் ஒரு கிண்ணம். இறந்தவருக்காக நாள் குறித்துச் செய்வது பற்றி நம்மிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நாம் இங்கே போகவில்லை. பசித்தவருக்குக் கொடுப்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

பெயரில் இருக்கும் பாடம்

மதரஸாவில் ஓதிய காலத்தில் மனத்தில் பதிந்த ஒரு ஹதீஸ் உண்டு. மிக்தாம் பின் மஃதீகரிப் (ரலி) அறிவிப்பது. மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிடக் கெட்டது எதுவுமில்லை என்றும், முதுகை நிமிர்த்தி வைக்கச் சில சிறு கவளங்களே அவனுக்குப் போதும் என்றும், அதற்கு மேல் வேண்டுமானால் வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு தண்ணீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் விட வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இப்னு மாஜாவில் வரும் இந்த அறிவிப்பில், 'சில சிறு கவளங்கள்' என்ற இடத்தில் உள்ள அரபிச் சொல் 'லுகைமாத்' என்பதே.

ஆகப் பலகாரத்தின் பெயரே அதன் அளவையும் சொல்லிவிடுகிறது. சிறிதாகச் செய்ய வேண்டும். சிலவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பகல் முழுவதும் பசித்திருந்துவிட்டு, மஃரிப் பாங்கு சொன்னதும் சமோசா, வடை, பஜ்ஜி, இனிப்பு என்று வயிற்றை அடைத்துக்கொண்டு, தராவீஹில் நிற்க முடியாமல் தவிப்பது நம்மில் பலருடைய அனுபவம். இந்தப் பலகாரத்தைச் செய்யும்போதாவது அதன் பெயரை நினைத்துக்கொள்வோம்.

தேவையான பொருட்கள் (சுமார் 40 உருண்டைகளுக்கு)

மைதா 250 கிராம்
சோள மாவு (கார்ன்ஃப்ளார்) 2 டேபிள்ஸ்பூன்
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 டீஸ்பூன்
சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன்
உப்பு கால் டீஸ்பூன்
புளிக்காத தயிர் 2 டேபிள்ஸ்பூன்
ஏலக்காய்த் தூள் அரை டீஸ்பூன்
வெதுவெதுப்பான தண்ணீர் சுமார் 1 கப் (240 மி.லி.)
பொரிக்க எண்ணெய் அரை லிட்டர்
மேலே தூவ வறுத்த வெள்ளை எள் 1 டேபிள்ஸ்பூன்

குங்குமப்பூ இருந்தால் நாலைந்து இழையைத் தண்ணீரில் ஊறவைத்துச் சேர்க்கலாம். இல்லாவிட்டால் குறையில்லை. மணத்துக்காக வெனிலா எசன்ஸ் ஊற்றுபவர்கள் பாட்டிலின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். அவற்றில் சில ஆல்கஹால் கலந்தவை. ஏலக்காய் இருக்கும்போது அது நமக்குத் தேவையும் இல்லை.

ஈஸ்ட் சேர்ப்பது கூடுமா என்று வகுப்பில் ஒரு சகோதரி கேட்டார். தினமும் நாம் சாப்பிடும் பன்னிலும் ரொட்டியிலும் இருப்பது அதே ஈஸ்ட்தான். அது மாவிலுள்ள இனிப்பைத் தின்று வாயுவை வெளிவிடுகிறது; அந்த வாயுதான் மாவை உப்ப வைக்கிறது. கள் ஊற்றி ஆப்ப மாவு புளிக்க வைப்பது வேறு, இது வேறு. போதை தரும் பொருளை நாம் இதில் சேர்ப்பதும் இல்லை. உண்பவருக்குப் போதை வருவதும் இல்லை.

மாவு கலக்கும் முறை

லுஹர் தொழுதுவிட்டு மாவைக் கலந்தால் நேரம் சரியாக இருக்கும்.

அகலமான பாத்திரத்தில் மைதா, சோள மாவு, ஈஸ்ட், சர்க்கரை, உப்பு, ஏலக்காய்த் தூள் ஆகியவற்றைக் கையால் நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். தயிரைச் சேர்த்து, தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். முழுத் தண்ணீரும் தேவைப்படாமல் போகலாம். இரண்டு ஸ்பூன் கூடுதலாகவும் தேவைப்படலாம். மைதாவுக்கு மைதா இது மாறும்.

பதம் முக்கியம். சப்பாத்தி மாவைப்போல் கெட்டியாக இருக்கக் கூடாது. தோசை மாவைப்போல் ஓடவும் கூடாது. மெதுவடை மாவைவிடச் சற்றுத் தளர்வாக, கையில் ஒட்டி நூல்போல் இழுபட வேண்டும். தண்ணீரின் சூடு விரலை வைத்தால் இதமாக இருக்கும் அளவே போதும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும், மாவு எழும்பாது.

இந்த மாவைக் கையாலேயே ஐந்து நிமிடம் அடித்துக் கலக்குங்கள். கீழிருந்து அள்ளி மேலே அறைவதுபோல் அடிக்க வேண்டும். நம் வீடுகளில் வட்டிலப்பத்துக்கு முட்டை அடிக்கும் பொறுமை இதற்கும் தேவை. அடிக்க அடிக்க மாவு வழவழப்பாகி, பாத்திரத்தை விட்டு நீங்கத் தொடங்கும். பிறகு மூடி வையுங்கள். நம் ஊர் வெயிலில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் இரு மடங்காகிவிடும். மழைக்காலத்தில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். அதற்கு மேல் விட்டால் புளிப்பு வாடை வரும்.

நோன்பு நேரத்தில் சாப்பிட்டுப் பார்த்துச் சரிசெய்ய முடியாது. அதனால் முதல் தடவை செய்யும்போதே உங்கள் வீட்டு அளவுகளை ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வகைப் பாகு

பேரீச்சம்பழப் பாகு: அரபு நாடுகளில் இதை 'திப்ஸ்' என்பார்கள். பாட்டிலில் விற்பதன் விலை அதிகம், வீட்டிலேயே செய்யலாம். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 250 கிராமை இரண்டரைக் கப் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். அதே தண்ணீரோடு சிறு தீயில் அரை மணி நேரம் வேகவிட்டு, மசித்து, மெல்லிய துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். வடிந்த சாற்றை மறுபடி அடுப்பில் வைத்து, கரண்டியின் பின்புறம் ஒட்டும் அளவுக்குச் சுண்டவிடுங்கள். ரமலானில் வீட்டில் சேர்ந்துவிடும் காய்ந்த, விலை குறைந்த பேரீச்சம்பழங்களுக்கு இது நல்ல வழி.

சர்க்கரைப் பாகு: சர்க்கரை ஒரு கப், தண்ணீர் அரைக் கப். கொதித்து ஐந்து நிமிடத்தில் விரலில் ஒட்டும் பிசுபிசுப்பு வந்ததும் இறக்கி, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். கம்பிப் பதம் வரை போக வேண்டாம். போனால் உருண்டையின் மேல் சர்க்கரை பூத்து வெள்ளையாகிவிடும்.

கருப்பட்டிப் பாகு: இது அரபு நாட்டில் இல்லை, வகுப்பில் நம் தாய்மார்கள் சேர்த்துக்கொண்டது. கருப்பட்டி 200 கிராமை முக்கால் கப் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, சிறிது சுக்குத் தூள் போட்டுக் கெட்டியாகும்வரை கொதிக்கவிடுங்கள். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் இதுதான் ருசி என்றார்கள். குவைத் சகோதரி மட்டும் திப்ஸை விட்டுக்கொடுக்கவில்லை.

எந்தப் பாகானாலும் ஆறியிருக்க வேண்டும். சூடான உருண்டையின் மேல் ஆறிய பாகை ஊற்றினால் மொறுமொறுப்பு நிற்கும். இரண்டுமே சூடாக இருந்தால் சீக்கிரம் ஊறிப்போகும்.

பொரிக்கும் முறை

அஸர் தொழுததும் அடுப்பைப் பற்றவைக்கலாம். அகலம் குறைந்த, ஆழமான இரும்புச் சட்டி நல்லது. குறைந்த எண்ணெயிலும் உருண்டை மூழ்கும். சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

எண்ணெய் மிதமான சூட்டில் இருக்க வேண்டும். ஒரு சொட்டு மாவைப் போட்டால், அடியில் போய் இரண்டு மூன்று விநாடியில் குமிழியோடு மேலே வர வேண்டும். போட்டவுடன் துள்ளிச் சிவந்தால் சூடு அதிகம். அடியிலேயே கிடந்தால் சூடு போதவில்லை.

உப்பிய மாவை ஒரு தடவை மட்டும் தட்டி அடக்குங்கள். இடது கையைத் தண்ணீரில் நனைத்து நன்றாக உதறிவிட்டு, மாவில் ஒரு பிடி அள்ளுங்கள். கையை மெல்ல மூடினால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மாவு உருண்டையாகப் பிதுங்கி வரும். எண்ணெயில் தோய்த்த டீஸ்பூனால் அதை வழித்து, சட்டியின் ஓரமாக எண்ணெய்க்கு அருகில் கொண்டுபோய் விடுங்கள். உயரத்திலிருந்து போடக் கூடாது. பெரிய நெல்லிக்காயைவிடச் சிறிதாக இருந்தால் போதும். எண்ணெயில் அது இன்னும் உப்பும்.

ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு போடலாம். போட்ட கணத்திலிருந்து ஜல்லிக்கரண்டியால் சுற்றிச் சுற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் எல்லாப் பக்கமும் ஒரே நிறமாக வரும். வெளிர் மஞ்சள் நிறம் வந்ததும் எடுத்துத் தட்டில் பரப்பி வையுங்கள். நோன்பு திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு மறுபடி ஒரு நிமிடம் பொன்னிறமாகப் பொரித்தால் மொறுமொறுப்பு நீண்ட நேரம் நிற்கும். இந்த இரண்டு தடவைப் பொரிப்பில் இன்னொரு நன்மையும் உண்டு. பெரிய வேலை முன்னதாகவே முடிந்துவிடுவதால், பாங்கு நேரத்துப் பரபரப்பில் கொதிக்கும் எண்ணெயோடு போராட வேண்டியதில்லை.

தவறினால் என்ன செய்வது?

முதல் நாள் வகுப்பில் எங்களுக்கும் சரியாக வரவில்லை. அன்று கண்ட தவறுகளும் அவற்றைத் திருத்திய விதமும் இவை.

உருண்டையாக வராமல் வால் வாலாக விழுந்தால், மாவு தளர்ந்திருக்கிறது. ஒரு ஸ்பூன் மைதா சேர்த்து அடித்து, பத்து நிமிடம் விட்டுப் போடுங்கள்.

ஆறியதும் கல்போல் இறுகினால், மாவு கெட்டி. இரண்டு ஸ்பூன் தண்ணீர் சேர்த்து அடியுங்கள்.

வெளியே சிவந்து உள்ளே மாவாக இருந்தால் தீ அதிகம். எண்ணெய் குடித்துக் கனத்தால் தீ குறைவு.

பொரித்து மூடி வைத்ததால் சவசவத்துப் போனால், அது ஆவியின் வேலை. சூடாக இருக்கும்போது டப்பாவில் போட்டு மூடக் கூடாது.

பிரித்துப் பார்த்தால் உள்ளே கூடுபோல் வெற்றிடம் இருக்க வேண்டும். அதுதான் சரியாக வந்ததன் அடையாளம்.

எண்ணெய் விஷயத்தில் கவனம்

ஈரக் கையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் எண்ணெய் தெறிக்கும். ஆகவே நனைத்த கையை உதறாமல் சட்டி அருகே கொண்டுபோகாதீர்கள். தொங்கும் துப்பட்டாவையும் முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். பொரிக்கும்போது சிறு பிள்ளைகளை அடுப்படிக்குள் விடாதீர்கள். எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துச் சட்டியை மூடியால் மூடிவிடுங்கள். கையில் பட்டுவிட்டால் பற்பசை, மை எதுவும் தடவ வேண்டாம். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு, கொப்பளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது நம் வீடுகளில் பெரிய குறை. காய்ச்சக் காய்ச்ச எண்ணெயில் கெடுதலான பொருட்கள் சேர்கின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி. வீட்டில் அளந்து பார்க்கக் கருவி இல்லை. ஆனால் நிறம் கறுத்தாலோ, நுரை அடங்காமல் பொங்கினாலோ, வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைந்தாலோ, சிக்கு வாடை அடித்தாலோ அதை விட்டுவிட வேண்டும். லுகைமாத் பொரித்த எண்ணெயை ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, இரண்டொரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். ரமலான் முப்பது நாளும் ஒரே எண்ணெயில் ஓட்டுவது சிக்கனம் ஆகாது. மிச்சப்படுத்தியதை ஆஸ்பத்திரியில் கொடுக்க நேரிடும். கெட்ட எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் பாட்டிலில் அடைத்துக் குப்பையோடு கொடுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு

"பேரீச்சம்பழப் பாகுதானே, கருப்பட்டிதானே, சர்க்கரை ஏறாது" என்று சொல்லிக்கொள்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அது தவறு. இரண்டும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். மைதாவும் ஏற்றும். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு, மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் வேண்டாம்தான். அனுமதி இருந்தால், பாகு ஊற்றாமல் எள் மட்டும் தூவி ஒன்றோ இரண்டோ கொடுங்கள். வாப்பா ஆசைப்படுகிறாரே என்று கிண்ணம் நிறையக் கொடுப்பது பாசம் ஆகாது. மற்றவர்களுக்கும் ஆளுக்கு நான்கு போதும். பேரீச்சம்பழத்தாலும் தண்ணீராலும் நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மஃரிப் தொழுதுவிட்டு வந்து இதைச் சாப்பிட்டால் அளவு தானாகவே கட்டுப்படும்.

சமைத்தவரின் பங்கு

வகுப்பு முடியும் நேரத்தில் குவைத் சகோதரி சொன்ன ஒரு வார்த்தையை இங்கே பதிவு செய்ய வேண்டும். "அந்த வீட்ல ரமலான் முப்பது நாளும் நான்தான் லுகைமாத் போடுவேன். நல்ல வீடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒருநாள்கூட சூடா சாப்பிட்டதில்ல. அவங்க உக்காந்து நோன்பு திறக்கையில நான் அடுத்த ஈடு போட்டுட்டு இருப்பேன். அடுப்புக்கிட்ட நின்னே தண்ணி குடிச்சி நோன்பு திறந்துக்குவேன்" என்றார். கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர், "குவைத்துக்குப் போவானேன், என் வீட்லயும் அதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை.

அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று புகாரியில் இருக்கிறது. உங்கள் பணியாளர் உணவைக் கொண்டுவந்தால் அவரையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டால் ஒரு கவளமாவது இரண்டு கவளமாவது அவருக்குக் கொடுங்கள். அதைச் சமைக்கும் சிரமத்தை ஏற்றவர் அவரே என்பது அதன் கருத்து. அங்கேயும் வரும் சொல் 'லுக்மா'தான். சமையலுக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரியது என்று இதை நாம் ஒதுக்கிவிட முடியாது. கூலி வாங்கும் பணியாளருக்கே இந்த உரிமை என்றால், கூலியே கேட்காமல் நோன்பு வைத்துக்கொண்டு அனலில் நிற்கும் உம்மாவுக்கும் மனைவிக்கும் மருமகளுக்கும் என்ன உரிமை இருக்கும்?

ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். பாங்கு சொல்வதற்கு ஐந்து நிமிடம் முன்பு அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். பொரிக்க இன்னும் மிச்சமிருந்தால் தொழுதுவிட்டு வந்து நீங்கள் பொரியுங்கள். செய்முறை மேலே இருக்கிறது. நாங்களும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம். முதல் ஈடு கோணல்மாணலாக வந்தது. வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை.

பகிர்ந்து கொடுக்கும் முறை

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு தடவை செய்தால் 40 உருண்டை. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நான்கு என்றால் 20. மீதி 20 இன்னொரு குடும்பத்துக்குப் போதும். தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் நினைத்துக்கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன அறிவுரை முஸ்லிமில் வருகிறது. அதே வழிதான் இது. நோன்பாளிக்கு நோன்பு திறக்கக் கொடுப்பவருக்கு, அந்த நோன்பாளியின் நன்மையில் எதுவும் குறையாமல் அவரைப் போன்ற நன்மை கிடைக்கும் என்பதைத் திர்மிதீயில் காண்கிறோம்.

இன்ஷா அல்லாஹ், வரும் ரமலானில் வெள்ளி, சனி இரு நாட்களில் இதைச் செய்ய எண்ணியிருக்கிறோம். பங்கெடுக்க விரும்பும் வீடுகள் கவனிக்க வேண்டியவை:

முதல் தடவை பொரித்த உருண்டைகளை நன்றாக ஆறவிட்டு, சுத்தமான பாத்திரத்தில் போட்டு, பாகைத் தனிக் கிண்ணத்தில் கொடுங்கள். ஊற்றிக் கொடுத்தால் போய்ச் சேர்வதற்குள் ஊறிவிடும். பெறும் வீட்டார் சூடுபடுத்தி, தாங்களே ஊற்றிக்கொள்வார்கள்.

அன்று செய்ததை அன்றே கொடுங்கள். நேற்று மிஞ்சியதைக் கொடுக்க வேண்டாம். உங்கள் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பீர்களோ அதையே கொடுங்கள்.

மஃரிபுக்கு அரை மணி நேரம் முன்பு நம் இளைஞர்கள் வந்து வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் பெறுபவரின் வீட்டு வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். வரிசை கிடையாது, போட்டோ கிடையாது, கொடுத்தது யார் என்று சொல்வதும் கிடையாது.

இந்தச் செலவை ஜகாத் கணக்கில் சேர்க்க வேண்டாம். இது ஸதகா. ஜகாத்தை அதற்குரிய முறையில் தனியாகக் கொடுங்கள்.

பட்டியலில் முஸ்லிம் அல்லாத சில வீடுகளும் இருக்கும். நம் தெருவைக் கூட்டும் அம்மாவின் வீடு அதில் முதலாவது. அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, அண்டை வீட்டு யூதருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் விசாரித்தார்கள் என்பதை அபூதாவூதிலும் திர்மிதீயிலும் படிக்கிறோம். அண்டை வீட்டார் உரிமை அவ்வளவு விரிந்தது.

குடும்பத்தோடு பேசிப் பாருங்கள்

மாவு உப்பக் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளோடு இந்த மூன்று கேள்விகளைப் பேசலாம். நேற்று இஃப்தாரில் நம் வீட்டில் எது மிஞ்சியது, அது எங்கே போனது? நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருபவர் யார், ஏன்? நம் தெருவில் இன்று இனிப்பு போய்ச் சேராத வீடு எது?

உண்ணவும் பருகவும் அனுமதித்த அல்லாஹ், அதே வசனத்திலேயே (7:31) விரயத்தைத் தடுத்திருக்கிறான். கீழே விழுந்த ஒரு கவளத்தைக்கூடத் துடைத்து உண்ணச் சொல்லி, அதை ஷைத்தானுக்கு விட்டுவிடாதீர்கள் என்று நமக்குக் கற்றுத்தந்தார்கள் நபி (ஸல்) அவர்கள். சென்ற வருடம் நாம் ஒரு சாக்கு நிறைய விட்டுவிட்டோம். இந்த வருடம் அந்த அம்மாவின் கையில் குப்பையாக அல்ல, அவர் பிள்ளைகளுக்கான பங்காகவே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் எங்கள் நிய்யத். செய்முறையில் சந்தேகம் உள்ள சகோதரிகள் பயிற்சி வகுப்புக்கு வந்தால் குவைத் சகோதரி மறுபடி செய்து காட்டுவார். அவர் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்ட பிறகுதான் வகுப்பு முடியும் என்று இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம்.

அல்லாஹ் நம் உணவில் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.